தெரிந்த விடையை அளப்பது

1

விடை சரி. ஆனால் அந்த விடைக்கு வந்து சேர்ந்த வழி சரியில்லை. இப்போது அந்த விடை உங்களுக்குத் 'தெரியும்' என்று சொல்லலாமா?

பொறியியல் கல்லூரியின் முதலாண்டு இயற்பியல் லேபுக்குள் போய்வந்த யாருக்கும் இந்தக் கேள்வியின் நடைமுறை வடிவம் பரிச்சயம். ஊசலை ஆட்டி, நேரத்தைக் குறித்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். 9.8 வர வேண்டும் என்பது பள்ளியிலேயே மனப்பாடம். 9.1 வந்தால் மாணவர் ஸ்டாப் வாட்சைச் சந்தேகிப்பார், நூலின் நீளத்தை மறுபடி அளப்பார், ஃபேனை நிறுத்தச் சொல்வார். 9.79 வந்தால் எதையும் சந்தேகிக்க மாட்டார். ரெக்கார்டில் ஏற்றிவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுவார். யாருமே பொய்யான எண்ணை எழுதவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் அறுபது பேரின் விடைகள் 9.8ஐச் சுற்றி மொய்த்துக் கிடக்கும். அந்த வகுப்பு புவியீர்ப்பை அளந்ததா, இல்லை 9.8 என்பதை அறுபது முறை நகலெடுத்ததா?

மாணவர்கள் விஷயத்தில் இது ஒரு சிரிப்போடு போய்விடும். புவியீர்ப்பை வேறு யாராவது ஒழுங்காக அளந்திருப்பார்கள். ஆனால் இதே கேள்வியை, வேறு யாருமே அளக்காத ஒன்றை அளப்பவர்களிடம் கேட்டால்? பிரபஞ்சத்தின் தொலைவுகளை அளக்கும் வானியலாளர்களிடம் இந்தக் கேள்வி 2008இல் உண்மையாகவே கேட்கப்பட்டது. கேட்டவரும் வானியலாளர்தான். அந்தக் கதை எனக்கு வானியலைவிட நேர்மையைப் பற்றி அதிகம் சொல்லிக்கொடுத்தது.

2

முதலில் ஏணியைப் பார்த்துவிடுவோம்.

கையை நீட்டி கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு அடுத்த கண். விரல் பின்னணியில் இடம் மாறுகிறது. இரண்டு கண்களுக்கு இடையிலான தூரமும் விரல் நகர்ந்த கோணமும் தெரிந்தால், விரலின் தூரம் தெரிந்துவிடும். கண்களுக்குப் பதிலாக, ஆறு மாத இடைவெளியில் பூமி தன் பாதையில் இருக்கும் இரண்டு முனைகளை வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 30 கோடி கிலோமீட்டர். 1838இல் ஃபிரெடரிக் பெசல் இந்த இடமாறு தோற்றத்தைக் கொண்டுதான் 61 சிக்னி என்ற விண்மீனின் தூரத்தைக் கண்டார். இன்று கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களுக்கு இதையே செய்திருக்கிறது. இது வெறும் வடிவியல். சந்தேகப்பட அதிக இடமில்லை.

ஆனால் தூரம் கூடக்கூட கோணம் சுருங்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கையில் எதுவும் நிற்காது. அதற்கு மேல் வேறு வழி தேவை. 'இந்த வகை விண்மீன் எங்கே இருந்தாலும் இவ்வளவு பிரகாசம்தான்' என்று சொல்லத்தக்க ஒரு வகையைக் கண்டுபிடித்தால், அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதிலிருந்து தூரத்தைக் கணக்கிடலாம். தெருக்கோடியில் தெரியும் விளக்கு 40 வாட் என்று தெரிந்தால், தெரு எவ்வளவு நீளம் என்று சொல்லிவிடலாம் இல்லையா, அது மாதிரி.

ஹென்றியெட்டா லெவிட் 1912இல் அப்படி ஒன்றைத் தந்தார். சிறிய மெகல்லன் மேகத்தில் இருந்த 25 செஃபீட் விண்மீன்களை ஆராய்ந்து, எது மெதுவாகத் துடிக்கிறதோ அது அதிகப் பிரகாசம் என்று காட்டினார். துடிப்பை எண்ணினால் வாட் தெரிந்துவிடும். இந்த ஏணியில் ஏறித்தான் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமெடா நம் பால்வழிக்கு வெளியே இருக்கும் இன்னொரு விண்மீன் மண்டலம் என்று நிறுவினார். அதன் தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டுகள் என்றார். 1929இல், தொலைவில் இருக்கும் மண்டலங்கள் அதிக வேகமாக விலகுகின்றன என்றும் சொன்னார். ஒவ்வொரு மெகாபார்செக்குக்கும், அதாவது ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுக்கும், வேகம் வினாடிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் கூடுகிறது. இந்த எண்தான் ஹப்பிள் மாறிலி.

அந்த 500 தவறு. எவ்வளவு தவறு என்றால், அதை வைத்துக் கணக்கிட்டால் பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டுகள்தான் வரும். கதிரியக்க முறையில் பாறைகளை அளந்தவர்கள் பூமிக்கே அதைவிட வயது அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவைவிடப் பிள்ளைக்கு வயது அதிகம்.

3

இந்த இடத்தில்தான் முதிய விண்மீன்கள் சாட்சிக்கூண்டில் ஏறுகின்றன.

செஃபீடுகள் இளையவை, கனமானவை, குறுகிய ஆயுள் கொண்டவை. தூசும் நெரிசலும் நிறைந்த சுருள் கரங்களில் வாழ்பவை. இதற்கு எதிர்முனையில், ஆயிரம் கோடி ஆண்டுகளைத் தாண்டிய ஆர்ஆர் லைரே விண்மீன்கள் இருக்கின்றன. அவையும் துடிப்பவைதான், ஆனால் ஒரு நாளுக்குள் ஒரு துடிப்பு முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே பிரகாசம். கோளக் கொத்துகளில் கூட்டமாக இருக்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது வால்டர் பாடே லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகில் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் இருந்தார். ஜெர்மன் குடிமகன் என்பதால் எதிரிநாட்டவர் என்ற முத்திரை. போர்ப் பணிக்குச் சேர்க்கவில்லை. மற்றவர்கள் போய்விட்டதால் 100 அங்குலத் தொலைநோக்கி அவருக்குத் தாராளமாகக் கிடைத்தது. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி நகரம் விளக்குகளை மங்கலாக்கியிருந்ததால் வானமும் இருண்டு கிடைத்தது. அதுவரை வெறும் மூட்டமாகத் தெரிந்த ஆண்ட்ரோமெடாவின் மையப் பகுதி, அவருடைய புகைப்படத் தகடுகளில் தனித்தனி விண்மீன்களாகப் பிரிந்தது. அவை சிவப்பானவை, முதியவை. 1944இல் பாடே எழுதினார்: விண்மீன்களில் இரண்டு குடிகள் உண்டு, இளையவை ஒன்று, முதியவை இன்னொன்று.

அடுத்தது பாலோமர் மலையின் புதிய 200 அங்குலத் தொலைநோக்கி. ஹப்பிள் சொன்ன தூரத்தில் ஆண்ட்ரோமெடா இருந்தால், அங்குள்ள ஆர்ஆர் லைரேக்கள் இந்தத் தொலைநோக்கிக்கு எட்டும் எல்லையில் தெரிய வேண்டும். பாடே தேடினார். ஒன்றும் இல்லை. அந்த எல்லையில் தெரிந்தவை முதியவற்றிலேயே ஆகப் பிரகாசமான சிவப்பு ராட்சதர்கள் மட்டும்.

பாடே முன்னால் அப்போது எத்தனை எளிய சமாதானங்கள் இருந்தன என்று யோசித்துப் பாருங்கள். தொலைநோக்கி புதிது, இன்னும் செட் ஆகவில்லை. தகட்டின் தரம் போதவில்லை. இருபது வருடமாக எல்லோரும் ஏற்றுக்கொண்ட எண்ணை, ஒன்றும் தெரியாத ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து யார் மறுப்பார்கள்? அவர் மறுத்தார். ஆர்ஆர் லைரேக்கள் தெரியவில்லை என்றால், ஆண்ட்ரோமெடா நாம் நினைத்ததைவிட மிகவும் தள்ளி இருக்கிறது என்று பொருள். செஃபீடுகளிலும் இரண்டு குடிகள் உண்டு. முதிய செஃபீடின் வாட்டை இளைய செஃபீடுக்கு மாட்டியதுதான் பழைய கணக்கின் கோளாறு. 1952இல் ரோமில் நடந்த சர்வதேச வானியல் சங்கக் கூட்டத்தில் இதை அறிவித்தபோது, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த டேவிட் தாக்கரே எழுந்து, மெகல்லன் மேகத்தில் தாங்கள் கண்டுபிடித்த ஆர்ஆர் லைரேக்களும் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருப்பதாகச் சொன்னார். பிரபஞ்சத்தின் அளவு ஒரே கூட்டத்தில் இரண்டு மடங்கானது.

ஹப்பிளின் அளவீடு அலட்சியமானது அல்ல. அவர் எத்தனை முறை திரும்பத் திரும்ப அளந்திருந்தாலும் அதே எண்தான் வந்திருக்கும். தவறு அவர் கண்ணில் இல்லை, அவர் அறியாத ஒரு வேறுபாட்டில் இருந்தது. அதை வெளிக்கொண்டுவர வேறு வகை விண்மீன் வேண்டியிருந்தது.

4

இப்போது 2008க்கு வருவோம்.

பெரிய மெகல்லன் மேகம் நமக்கு அடுத்த வீடு மாதிரி. தெற்கு அரைக்கோளத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும். செஃபீடுகளும் அங்கே உண்டு, ஆர்ஆர் லைரேக்களும் சிவப்பு ராட்சதர்களும் உண்டு. அதனால் எந்தப் புதிய அளவுகோலையும் முதலில் அங்கே வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். அதன் தூரத்தில் பிழை வந்தால், ஏணியின் மேல்படிகள் எல்லாவற்றிலும் அதே பிழை ஏறிக்கொள்ளும்.

வானியலாளர்கள் இத்தூரத்தை 'தொலைவு மாடுலஸ்' என்ற ஒரு எண்ணால் குறிப்பார்கள். 2001க்கு முன் வந்த அளவீடுகள் சுமார் 18.1 முதல் 18.8 வரை சிதறிக் கிடந்தன. ஒளியாண்டில் சொன்னால் 1.36 லட்சத்திலிருந்து 1.88 லட்சம் வரை. ஒவ்வொருவரும் தன் எண்ணில் பிழை குறைவு என்றார்கள், ஆனால் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 'நீளத் தூரக்' கட்சி, 'குறுந்தூரக்' கட்சி என்றுகூட இருந்தது. 2001இல் வெண்டி ஃப்ரீட்மன் தலைமையிலான ஹப்பிள் தொலைநோக்கியின் முக்கியத் திட்டம், பழைய அளவீடுகளை எல்லாம் பரிசீலித்து, 18.50 என்று எடுத்துக்கொண்டது. பிழை 0.10 கூடவோ குறையவோ. நியாயமான முடிவுதான்.

அதன்பின் நடந்ததைத்தான் பிராட்லி ஷேஃபர் என்ற வானியலாளர் கவனித்தார். 2002க்குப் பிறகு 31 ஆய்வுத்தாள்கள் அதே மேகத்தின் தூரத்தைப் புதிதாக அளந்திருந்தன. வெவ்வேறு குழுக்கள், வெவ்வேறு முறைகள். எல்லாமே 18.50ஐச் சுற்றி வந்து நின்றன.

நல்ல செய்திதானே? இல்லை. அவை அளவுக்கு மீறி நெருக்கமாக இருந்தன. பிழை எல்லை என்பது ஒரு வாக்குறுதி. 'என் பிழை இவ்வளவு' என்று ஒருவர் சொன்னால், அதே அளவீட்டைப் பலர் செய்யும்போது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் அந்த எல்லைக்குள் வர வேண்டும், மிச்சம் பேர் வெளியே விழ வேண்டும். ஷேஃபர் பார்த்தபோது, மூன்றில் இரண்டு பங்கு அந்த எல்லையின் பாதிக்குள்ளேயே இருந்தது. நூறு முறை நாணயம் சுண்டி ஐம்பது தலை வந்தால் மகிழலாம். நூறு பேர் தலா நூறு முறை சுண்டி, எல்லோருக்கும் நாற்பத்தொன்பதோ ஐம்பதோ ஐம்பத்தொன்றோ மட்டும் வந்தால், யாரும் நாணயத்தைச் சுண்டவில்லை என்று அர்த்தம்.

அவர் யாரையும் குற்றம் சாட்டவில்லை. மூன்று சாத்தியங்களைப் பரிசீலித்தார். தாள்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கலாம். பிழை எல்லைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டிருக்கலாம். அல்லது ஊர் ஓடும் பக்கம் கூடவே ஓடும் மனநிலை.

கதையின் சுவாரஸ்யமான பகுதி இனிமேல்தான். பிறகு போலந்தைச் சேர்ந்த க்ரெகோர்ஸ் பியெட்ரின்ஸ்கி குழு, ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களைக் கொண்டு கிட்டத்தட்ட நேரடி வடிவியலால் அந்தத் தூரத்தை அளந்தது. 2019இல் அவர்கள் தந்த எண் 18.477. பிழை ஒரு சதவீதம். அதாவது சுமார் 1.62 லட்சம் ஒளியாண்டு.

கூட்டம் சொன்னது ஏறக்குறைய சரி.

5

"அதான் சரியா வந்துடுச்சே, அப்புறம் என்ன பிரச்சினை?" என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அதற்கு முன், பொய் சொல்லாமலேயே ஒரு எண் எப்படி வளைகிறது என்று பார்த்துவிடலாம். இது எனக்குத் தெரிந்த பிரதேசம், ஏனென்றால் இங்கே மென்பொருள் வருகிறது.

இன்று முதிய விண்மீன்களைக் கொண்டு தூரம் அளக்க அதிகம் பயன்படுவது சிவப்பு ராட்சதர்களின் உச்சிப் பிரகாசம். சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் உப்பிச் சிவக்கிறது. நடுவில் ஹீலியம் சாம்பல் போலக் குவிந்துகொண்டே போகிறது. விண்மீன் மேலும் மேலும் பிரகாசமாகிறது. மையத்தின் நிறை சூரியனின் நிறையில் பாதியை நெருங்கும்போது, வெப்பம் 10 கோடி டிகிரியைத் தொட்டு ஹீலியம் சட்டென்று பற்றிக்கொள்கிறது. அதன்பின் விண்மீன் மங்கிவிடும். அந்த விண்மீன் மொத்தத்தில் எவ்வளவு கனமாக இருந்தாலும், குறைந்த நிறை கொண்ட விண்மீன்களில் இந்தப் பற்றல் ஏறக்குறைய ஒரே மைய நிறையில்தான் நடக்கிறது. எனவே பற்றுவதற்கு முந்தைய உச்சிப் பிரகாசமும் ஏறக்குறைய ஒன்றே. இயற்கை தன் விதியால் வாட் எழுதிவைத்த விளக்கு. போதாக்குறைக்கு இவை மண்டலத்தின் புறநகரில், தூசியும் நெரிசலும் இல்லாத இடத்திலும் கிடைக்கும்.

ஒரு மண்டலத்தின் முதிய விண்மீன்களைப் பிரகாசத்தின்படி வரிசைப்படுத்தி எண்ணினால், ஒரு இடத்தில் எண்ணிக்கை திடீரென்று எகிறும். அந்த விளிம்புதான் உச்சி. விளிம்பைக் கண்டுபிடிக்க 1993இல் லீ, ஃப்ரீட்மன், மேடோர் மூவரும் ஒரு சோபெல் வடிகட்டியைப் பயன்படுத்தினார்கள். பட செயலாக்கம் படித்த எவருக்கும் இந்தப் பெயர் தெரியும். புகைப்படத்தில் விளிம்பு தேடும் அதே சின்னக் கணக்கு.

ஆனால் நிஜத் தரவில் விளிம்பு கத்தி போல இருக்காது, கரையோர மணல் மாதிரி சரிந்திருக்கும். எந்த நிறத்துக்குள் இருக்கும் விண்மீன்களை எடுப்பது? மண்டலத்தின் எந்தப் பகுதி வரை? தரவை எவ்வளவு மழுப்புவது? இரண்டு விளிம்பு தெரிந்தால் எதை நம்புவது? ஒவ்வொன்றும் ஒரு திருகு. ஒவ்வொரு திருகுக்கும் பல நியாயமான நிலைகள் உண்டு.

இப்போது லேபில் இருந்த அந்த மாணவரின் சமச்சீரின்மை இங்கே நுழைகிறது. வந்த எண் எதிர்பார்த்த எண்ணிலிருந்து விலகினால், ஆய்வாளர் கோடைத் திறக்கிறார், திருகுகளைப் பார்க்கிறார், உண்மையான ஒரு பிழையைக் கண்டுபிடிக்கவும் செய்கிறார். திருத்தியதும் எண் நெருங்கி வருகிறது. எதிர்பார்த்த எண்ணே வந்துவிட்டால், அதே அளவு பிழைகள் கோடில் இருந்தாலும், யாரும் திறப்பதில்லை. மென்பொருள் துறையில் இது தினசரி உண்மை. தோற்ற டெஸ்டைத்தான் எல்லோரும் டீபக் செய்வார்கள், பச்சை விளக்கு எரியும் டெஸ்டை டீபக் செய்ய யாருக்கும் நேரமில்லை. ஒவ்வொரு திருத்தமும் நேர்மையானது. ஆனால் சந்தேகம் ஒரு திசையில் மட்டும் வேலை செய்கிறது. அதனால் நேர்மையான திருத்தங்களின் கூட்டுத்தொகை ஒரு சாய்வாக முடிகிறது.

இதில் வில்லன் யாரும் இல்லை. அதுதான் இதை ஒரு அறக் கேள்வியாக ஆக்குகிறது. பொய் சொல்லாதே என்ற அறம் இங்கே உதவாது, ஏனென்றால் யாரும் பொய் சொல்லவில்லை.

6

எட்டாம் நூற்றாண்டு பௌத்தத் தர்க்க அறிஞர் தர்மோத்தரர் ஒரு உதாரணம் சொல்கிறார். இறைச்சி வாட்டுவதற்காக ஒருவர் அப்போதுதான் தீ மூட்டியிருக்கிறார். புகை இன்னும் எழவில்லை. ஆனால் இறைச்சியைச் சுற்றிப் பூச்சிகள் மேகமாக மொய்க்கின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவர் அந்தப் பூச்சிக் கூட்டத்தைப் புகை என்று எடுத்துக்கொண்டு, 'அங்கே தீ இருக்கிறது' என்று முடிவுகட்டுகிறார். தீ இருக்கிறது. முடிவு சரி. ஆனால் அவர் தீயை அறிந்தாரா? மேலை மெய்யியலில் 1963இல் எட்மண்ட் கெட்டியர் மூன்று பக்கக் கட்டுரையில் இதே வகைச் சிக்கலைக் கிளப்பியபோது பெரிய பரபரப்பு. நம் பக்கத்துத் தர்க்க மரபில் அது பல நூற்றாண்டு பழைய விவாதம்.

31 தாள்களை நான் இந்த உதாரணத்தோடு சேர்த்தே யோசிக்கிறேன். 18.50 சரியாக இருந்தது. ஆனால் அதைச் சொன்னவர்களில் எத்தனை பேர் புகையைப் பார்த்தார்கள், எத்தனை பேர் பூச்சியைப் பார்த்தார்கள் என்று வெளியிலிருந்து நமக்குத் தெரியாது. அவர்களுக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. முந்தைய அறிவைப் பயன்படுத்துவது தவறா? இருபது வருட உழைப்பு 18.50 என்று சொல்லும்போது, என் கணக்கு 18.1 என்று வந்தால், என் கணக்கைச் சந்தேகிப்பதுதானே புத்திசாலித்தனம்? ஒரு தெர்மாமீட்டர் எனக்கு 45 டிகிரி காய்ச்சல் என்று காட்டினால் நான் தெர்மாமீட்டரைத்தானே தூக்கிப்போடுவேன்?

ஆம். தனி மனிதராக ஒரு முடிவு எடுக்க அதுவே சரி. ஆனால் ஆய்வுத்தாள் தனி மனித முடிவு அல்ல, சாட்சியம். சாட்சியின் வேலை தீர்ப்பு சொல்வது இல்லை, தான் பார்த்ததைச் சொல்வது. நீதிமன்றத்தில் 31 சாட்சிகள் ஒரே கதையைச் சொன்னால் வழக்கு வலுவாகிறது. அந்த 31 பேரும் வராண்டாவில் பேசிவைத்துக்கொண்டு வந்தார்கள் என்று தெரிந்தால், அது ஒரே சாட்சி, 31 வாய்கள். அவர்கள் சொன்ன கதை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீதிபதி கணக்கில் எடுத்துக்கொண்ட வலு போலியானது. முந்தைய அறிவைக் கணக்கில் வெளிப்படையாகச் சேர்த்து, 'இதில் இவ்வளவு பழைய எண்ணிலிருந்து வந்தது' என்று எழுதினால் பிரச்சினையே இல்லை. பின்வாசல் வழியாக அது நுழைந்துவிட்டு, முன்வாசலில் 'சுதந்திரமான அளவீடு' என்று பலகை தொங்குவதுதான் பிரச்சினை.

அப்படியானால் ஏமாற்றப்பட்டவர் யார்? இந்த 31 எண்களையும் எடுத்து சராசரி போட்டு, அதன் மேல் அடுத்த படியைக் கட்டப்போகும் இன்னொருவர். அளப்பவரின் கடமை உண்மைக்கு மட்டும் அல்ல, தன் தோளில் ஏறப்போகும் முகம் தெரியாத ஆளுக்கும். 'இந்தப் படி தனியாக நிற்கிறது' என்று நான் சொன்னால், அது தனியாக நிற்க வேண்டும். அடுத்த படியோடு ரகசியமாகக் கட்டிவைத்திருக்கக் கூடாது. இதனால்தான், விடை சரியாக வந்துவிட்ட பிறகும், அந்தக் கேள்வி தீராமல் நிற்கிறது.

7

இதற்கு மருந்தாக 'இன்னும் நேர்மையாக இருங்கள்' என்று சொல்வது வீண். மன உறுதியால் சரிசெய்யக்கூடிய விஷயம் இல்லை இது. மென்பொருள் குழுக்களில் ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று மதிப்பிட, பிளானிங் போக்கர் என்று ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் தங்கள் எண்ணை ஒரு அட்டையில் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். காரணம் எளிது. அனுபவசாலி ஒருவர் முதலில் "மூணு நாள் ஆகும்" என்று வாயைத் திறந்துவிட்டால், எட்டு நாள் என்று நினைத்திருந்த புதிய பெண் "எனக்கும் மூணுதான்" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. அந்தக் கணத்தில் அவளுக்கே அது மூன்றாகத் தெரிந்துவிடும். ஆனால் அந்த வேலையில் ஒளிந்திருக்கும் சிக்கலை அவள் மட்டும் பார்த்திருக்கலாம். அட்டையைக் கவிழ்ப்பது அவளை நம்பாததால் அல்ல. அவள் பார்த்ததைக் காப்பாற்றுவதற்காக.

வானியலில் இதன் பெயர் கண்கட்டிய பகுப்பாய்வு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவைக் கையாண்டபோது ஃப்ரீட்மன் குழு இதைச் செய்தது. அளவீடுகளோடு ஆய்வாளர்களுக்குத் தெரியாத எண்கள் சேர்க்கப்பட்டன. எல்லாத் திருகுகளையும் முடிவுசெய்து, முறையைப் பூட்டிய பிறகுதான் கட்டை அவிழ்த்தார்கள். அதே மண்டலங்களை மூன்று வகை விண்மீன்களால் தனித்தனியாக அளந்தார்கள். 2024இல் அவர்கள் முதலில் வெளியிட்ட ஹப்பிள் மாறிலிகள்: சிவப்பு ராட்சதர் உச்சி 69.85, கார்பன் நிறைந்த ராட்சதர்கள் 67.96, செஃபீடுகள் 72.05. ஒரே குழு, ஒரே தொலைநோக்கி, மூன்று எண்கள். ஒவ்வொன்றின் பிழை எல்லையையும் பார்த்தால் பெரிய முரண் இல்லை. ஆனால் கண் திறந்திருந்தால் இந்த மூன்றும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

கண்கட்டு எல்லாவற்றையும் தீர்க்காது. ஹப்பிள் கண்ணைக் கட்டிக்கொண்டு அளந்திருந்தாலும் 500தான் வந்திருக்கும். இரண்டு செஃபீடுக் குடிகள் இருப்பதே தெரியாதபோது கண்கட்டு என்ன செய்யும்? நம்மைத் தவறாக இழுப்பவை இரண்டு: நம் ஆசை, நம் அறியாமை. கண்கட்டு ஆசையிலிருந்து காக்கும். அறியாமையிலிருந்து காக்க வேறு சாட்சி வேண்டும். செஃபீடுக்கு என்ன நேர்ந்தாலும் அதைப் பற்றிக் கவலைப்படாத, வேறு இயற்பியலால் எரியும், வேறு இடத்தில் வாழும் ஒரு முதிய விண்மீன். அந்தச் சாட்சிகூட முழுச் சுதந்திரம் அல்ல. இரண்டு வகை விண்மீன்களும் பெரும்பாலும் ஒரே கீழ்ப்படிகளில் ஊன்றி, மேலே போகும்போது அதே சூப்பர்நோவாக்களில் கைபிடிக்கின்றன.

8

இன்று நிலைமை இதுதான். பிளாங்க் விண்கலம் ஆதிப் பிரபஞ்சத்தின் ஒளியை அளந்து, நிலையான பிரபஞ்ச மாதிரியைக் கொண்டு கணக்கிட்டுத் தந்த எண் 67.4. செஃபீடுகளை நம்பும் ஆடம் ரீஸ் குழுவின் 2022 எண் 73.04. முதிய ராட்சதர்களை வைத்து ஃப்ரீட்மன் 2019இல் தந்தது 69.8. அதே ராட்சதர்களை எடுத்து காகன்தீப் ஆனந்த் குழு 2022இல் 71.5 என்றது. விளிம்பைத் தேர்வதில் மனிதக் கையைக் குறைத்து, கணினி வழிமுறையிடம் விட்ட டான் ஸ்கால்னிக் குழு 2023இல் 73.2 என்றது. ஒரே வகை விண்மீன், மூன்று எண்கள். முன்பு சொன்ன திருகுகள் நினைவிருக்கிறதா?

மொத்தமாகப் பார்ப்பவருக்கு உடனே ஒரு ஆசை வரும். 67க்கும் 73க்கும் நடுவில் 70. அதுவே உண்மையாக இருக்கும், சண்டை முடிந்தது. இந்த ஆசைக்கு வரலாற்றில் ஆதரவும் உண்டு. 1970களிலும் 80களிலும் ஆலன் சாண்டேஜ் 50 என்றும், ஜெரார் டி வோகூலர் 100 என்றும் வருடக்கணக்கில் மோதினார்கள். இருவருமே தங்கள் பிழை பத்து சதவீதம் அளவில்தான் என்றார்கள். கடைசியில் 2001இல் வந்த எண் 72. நடுவில்.

ஆனால் ஒரு முறை நடு சரியாக இருந்தது என்பதால்தான் இந்த முறை நடு ஆபத்தானது. 67.4ம் 73ம் இரண்டுமே உண்மையாக இருந்தால், பிரபஞ்ச மாதிரியில் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது. பாடேவின் தகட்டில் ஆர்ஆர் லைரேக்கள் இல்லாதது போல, அது ஒரு புதிய கதவாக இருக்கலாம். அல்லது ஏதோ ஒரு படியில் ஆணி ஆடிக்கொண்டிருக்கலாம். எது என்று நமக்குச் சொல்லப்போவது எண்களுக்கு இடையில் மிச்சமிருக்கும் இந்த இடைவெளிதான். அடுத்த பத்து வருடங்களில் வரும் முப்பது தாள்கள் மெல்ல மெல்ல 70க்கு நகர்ந்து உட்கார்ந்துவிட்டால், ஒருவேளை 70தான் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது சரி என்பதை எவராலும் சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டிருப்போம்.

ஒத்துப்போகாத எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது தனிமையான வேலை. கூட்டத்தோடு சேர்ந்த எண்ணை யாரும் துருவிக் கேட்பதில்லை. விலகிய எண்ணைக் கொண்டுவருபவர், அதுவும் இன்னும் நிரந்தர வேலை கிடைக்காத இளம் ஆய்வாளர், ஒவ்வொரு திருகுக்கும் பதில் சொல்ல வேண்டும். இந்தச் செலவு ஏற்றத்தாழ்வாக இருக்கும்வரை எண்கள் சாய்ந்துகொண்டேதான் இருக்கும். அதனால் விலகி வந்த எண்ணிடம் நாம் கேட்கும் கேள்விகளை, ஒத்துப்போன எண்ணிடமும் அதே கடுமையோடு கேட்பதுதான் இங்கே நியாயம் என்று நினைக்கிறேன். வானியலுக்கு வெளியேயும் இது பொருந்தும். நமக்குப் பிடித்த செய்தியை ஃபார்வர்டு செய்யும் வேகத்தையும், பிடிக்காத செய்திக்கு ஆதாரம் கேட்கும் வேகத்தையும் ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில்: விடை சரியாக இருந்தும், அது வேறு மாதிரி வந்திருந்தால் அப்படியே எழுதியிருப்பேன் என்று ஒருவரால் சொல்ல முடியவில்லை என்றால், அவருக்கு அது தெரியாது. பாடேவுக்குத் தெரிந்திருந்தது. ஆர்ஆர் லைரேக்கள் தெரிந்திருந்தால், தெரிந்தன என்றே எழுதியிருப்பார். தெரியவில்லை, அதனால் தெரியவில்லை என்று எழுதினார்.